மொட்டை மாடியில் நாய்களோடு சேர்ந்து படம் பார்க்கும் விருந்து சரிப்பட்டு வருமா?

நாய் வளர்ப்பவர்கள் எல்லாம் நாய்களோடு மொட்டை மாடியில் கூடிப் படம் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. மடிப்பாக்கத்தில் எங்கள் மாடியில் நடத்தியிருக்கிறோம். 'பணக்காரத் திமிர்' என்று எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: திரை பழைய வேட்டி, புரொஜக்டர் இரவல், என் பட்டாணி தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய்.

எந்தப் படம் போடுவது என்றுதான் இப்போது மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள். படம் நமக்குத்தான், அதுகளுக்கு இல்லை. ஆனால் நாய் நடித்த படம் மட்டும் வேண்டாம். திரையில் ஒன்று குரைத்தால் மாடியே குரைக்கும். வெடிச்சத்தமும் ஆகாது. நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாய்க்கு 45,000 வரை எட்டும்; மெல்லிய சத்தமும் நம்மைவிட நன்றாகவே கேட்கும். பழைய காமெடிப் படம் ஒன்றை சத்தம் குறைத்து, சப்டைட்டிலோடு ஓட்டினோம். மூன்றாவது மாடி வீட்டு ராஜபாளையம் நாய் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிக்கட்டுக் கதவையே காவல் காத்தது. பட்டாணி மட்டும், படத்தில் யாராவது தட்டை எடுக்கும்போதெல்லாம் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

வம்பு வந்தது தீனியில். ஒரு அக்கா ஆசையாக வெங்காய பக்கோடாவும் திராட்சை போட்ட கேசரியும் கொண்டுவந்து, நாய்களுக்கே ஊட்டக் கிளம்பிவிட்டார். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றேன். "எங்க டாமி தினமும் சாப்பிடுதே?" என்றார். வாதாடவில்லை. தட்டை வாங்கித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற்றிவிட்டேன். நாய்களுக்கு உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் தனித்தனிக் கிண்ணத்தில் தண்ணீரும் போதும். வெறிநாய்க்கடி ஊசி போட்ட அட்டையைப் பார்த்துவிட்டே மாடிக்கு விடுங்கள். உண்ணி இருக்கிற நாய் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும், டிக் ஃபீவர் என்கிற உண்ணிக் காய்ச்சலில் பட்டவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். கைப்பிடிச் சுவர் குட்டை என்றால் கயிற்றை அவிழ்க்கவே கூடாது.

அசோசியேஷன்காரர்கள் முறுக்குவார்கள். எங்கள் செயலாளர் நாய் லிஃப்டில் ஏறக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார். ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் 1962இல் இதே சென்னையில் தொடங்கிய விலங்குகள் நல வாரியம், குடியிருப்புச் சங்கங்கள் அப்படித் தடுக்கக்கூடாது என்று 2015இலேயே சுற்றறிக்கை விட்டாயிற்று. நகல் கொடுத்தேன், நோட்டீஸ் கிழிந்தது.

சரி, விருந்தைத் தை மாசியில் வையுங்கள். மே மாதத்தில் பொழுது சாய்ந்த பிறகும் மாடித் தரை கொதிக்கும். முதலில் நீங்கள் செருப்பைக் கழற்றி நின்று பாருங்கள்.