கிழமைக் கடன் எடுத்துக் குழி இறைக்காதீர்கள்

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் 7 பேர்ச் காணியில் எங்கள் வீடு. மழை தொடங்கினால் மலசலகூடக் குழி நிரம்பி வாசலுக்கு வந்துவிடுகிறது. இரண்டு வருஷமாக, வருஷத்துக்கு ஒரு கிழமைக் கடன் 50,000 ரூபாய் எடுத்து (கிழமைக்கு 1,250 படி 52 கிழமை கட்டுகிறோம்), வருஷத்துக்கு மூன்று தடவை பவுசர் (கழிவு இறைக்கிற டாங்கி லொறி) வைத்து இறைக்கிறோம். ஒரு தடவைக்கு 14,000. மேசன் புதுக் குழிக்கு 185,000 கேட்கிறார். அரசாங்க உதவிப் பட்டியலில் பெயர் போட 15,000 வேண்டும் என்கிறார் கொழுந்தன். குழிக்குப் பதிலாக வைக்கிற பிளாஸ்டிக் பயோ டாங்கியைத் தவணைக்கு எடுக்கலாமா? கணவருக்கு 14 வருஷ சேவை, ஈ.பி.எஃப்.பில் (ஊழியர் சேமலாப நிதியில்) சுமார் 700,000 இருக்கிறது.

பதில்: சகோதரி, குழியை விட அந்தக் கிழமைக் கடன்தான் உங்களை அதிகம் கெடுக்கிறது. கிழமைக்கு 1,250 படி 52 கிழமை கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 65,000, அதாவது வட்டி 15,000. முதல் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி வருஷத்துக்கு 50 சதவீதத்துக்கு மேலே போகிறது. பவுசருக்கு 42,000, வட்டி 15,000, ஆக வருஷத்துக்கு 57,000. இரண்டு வருஷத்தில் 114,000 போய்விட்டது, குழி அப்படியே இருக்கிறது.

அடியில் கட்டாத குழியை மழைக்காலத்தில் இறைத்தால் சுற்றியுள்ள மண்ணில் ஊறி நிற்கும் தண்ணீர் சில நாளில் திரும்ப உள்ளே வந்துவிடும், நீங்கள் காசு கொடுத்து மழைத்தண்ணீரைத்தான் இறைக்கிறீர்கள். முதலில் கூரைத் தண்ணீரையும் குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் வேறு கானுக்குத் திருப்புங்கள். நாலு நீளம் பைப்பும் ஒரு நாள் கூலியும் போதும், இறைக்கிற தடவை அதிலேயே குறையும்.

பட்டியலில் பெயர் போட யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், தம்பி முறையாக இருந்தாலும் சரி. கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் கொடுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் சொல்லிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வரவழைத்து, அவர் எழுதித் தருவதையும், வாசலில் கழிவு நிற்கிற படத்தையும் சேர்த்து வையுங்கள். தோட்டக் காணியென்றால் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திலும் கேட்கலாம். பல திட்டங்களில் காசு கையில் வராது, சீமெந்தும் சாமானும் வரும், வெட்டுகிற கூலி உங்களுடையது. அனுமதி வரும் முன்னே வேலையை முடித்துவிட்டால் உதவி கிடைக்காமல் போகலாம்.

பயோ டாங்கியை இப்போது தொடவே வேண்டாம். டாங்கி எதுவானாலும் அதிலிருந்து வெளியேறும் தண்ணீர் ஊறுவதற்கு இடம் வேண்டும், உங்கள் பிரச்சினையே அதுதான். தவணைக்காரர் அதைச் சொல்லமாட்டார்.

உதவி இழுபட்டால் ஈ.பி.எஃப். இருக்கிறது. 10 வருஷ சேவையும் கணக்கில் 300,000-க்குக் குறையாத இருப்பும் உள்ளவர், வீட்டு வேலைக்கு 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். உங்களுக்கு அது 210,000. வயதான காலத்துப் பணத்தில் கைவைக்கச் சொல்ல எனக்கும் மனமில்லை, ஆனால் கிழமைக் கடன் வட்டியோடு பார்த்தால் இழப்பு மிகக் குறைவு. குழி வேலை ஈ.பி.எஃப்.பில் அனுமதிக்கிற வீட்டு வேலைக்குள் வருமா என்று தொழில் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தை, மாசியில்தான் மண் ஓரளவு காய்ந்திருக்கும், அப்போதுதான் வெட்ட வேண்டும். உங்கள் மேடு மண்சரிவு அபாயப் பகுதியானால், குழி எங்கே வெட்டலாம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேட்காமல் மண்வெட்டியை எடுக்கவேண்டாம். கீழ்வீட்டுக்காரர் குடிக்கிற ஊற்றுக்கும் தள்ளியே இருக்கட்டும்.