தூரின் சவத்துணியும் விசுவாசமும்

கேள்வி: இயேசுவின் உடலைப் போர்த்தியதாகச் சொல்லப்படும், ஓர் ஆணின் உருவம் பதிந்த, இத்தாலியின் தூரின் நகரத்துத் துணி, 14ஆம் நூற்றாண்டையொட்டிய காலத்தது என்று விஞ்ஞானிகள் கண்டறிந்ததாகப் படித்தேன். சிறுவயது முதல் அதன் படத்தின் முன் ஜெபித்து வந்த எனக்குக் கலக்கமாக இருக்கிறது. இந்த ஆய்வை ஏற்பது விசுவாசக் குறைவாகுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஆகாது. 1988இல் ஆக்ஸ்போர்டு, சூரிச், அரிசோனா ஆகிய மூன்று இடங்களிலுள்ள ஆய்வுக்கூடங்கள் துணியின் துண்டுகளைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்து, அது 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்று கண்டன. அந்த முடிவை உலகுக்கு அறிவித்தவர் தூரின் பேராயரான கர்தினால் பலஸ்த்ரேரோ என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். சோதனைக்கு எடுத்த ஓரம் பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட பகுதியாக இருக்கலாம் என்று சிலர் மறுக்கிறார்கள். ஆனால், துணியின் வரலாறும் ஆய்வின் பக்கமே சாய்கிறது. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் லிரே என்னும் சிற்றூரில் அது காட்சிக்கு வைக்கப்பட்டதற்கு முன்பு, அதைப் பற்றிய உறுதியான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. 1389இல் துருவா மறைமாவட்ட ஆயர் பியேர் தார்சி, அது ஓவியன் ஒருவனின் கைவேலை என்று தமக்கு முன்னிருந்த ஆயர் விசாரித்து அறிந்ததாகவே எழுதினார். விஞ்ஞானம் பிறப்பதற்கு முன்பே ஓர் ஆயர் எழுப்பிய ஐயம் இது. 1998இல் தூரினுக்குச் சென்ற திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும், இத்தகைய கேள்விகளில் தீர்ப்புச் சொல்லும் தனித்தகுதி திருச்சபைக்கு இல்லை என்று கூறி, ஆய்வை அறிவியலாளரிடமே ஒப்படைத்தார்.

ஆகவே, உண்மையை ஏற்பதற்காக நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். அந்தப் படத்தின் முன் நீங்கள் வேண்டியது கிறிஸ்துவிடம்தானே அன்றித் துணியிடம் அல்ல.

கேள்வி: அப்படியானால் உயிர்த்தெழுதலுக்கு என்னதான் ஆதாரம்? ‘காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர்’ என்பது, கேள்வி கேட்காதே என்பதற்கு மறுபெயர்தானே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ரோம ஆளுநர் பிலாத்துவின் ஆட்சியில் கிறிஸ்து கொல்லப்பட்டதை, கிறிஸ்தவர்களை வெறுத்த ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டசும் எழுதியுள்ளார். உயிர்த்தெழுதலுக்கு அத்தகைய புறச்சான்று கிடையாது. இருப்பது சாட்சிகளின் சொல். சிலுவைச் சாவுக்குப் பின் கால் நூற்றாண்டுக்குள் கொரிந்தியருக்கு எழுதிய பவுல், உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களைப் பட்டியலிட்டு, அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருப்பதாகவும், கிறிஸ்து உயிர்க்கவில்லையென்றால் தம் போதனையே வீண் என்றும் துணிந்து கூறுகிறார். அந்தச் சாட்சியத்தை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் இடமுண்டு. நான் ஏற்கிறேன், ஆனால் கணிதத்தைப் போல நிரூபிக்க முடியும் என்று உங்களிடம் சொல்வது நேர்மையாகாது.

நீங்கள் சொன்ன வசனம், காயங்களைக் கண்டு தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்ற சீடர் தோமாவிடம் இயேசு கூறியது. அவரை மட்டும் ஐயப்பேர்வழி என்று நாம் ஒதுக்குவதும் முறையன்று. பெண்கள் கொண்டுவந்த செய்தியை மற்றச் சீடர்கள் பிதற்றலாகவே எண்ணினர் என்கிறார் லூக்கா. அவர்களுக்கும் இயேசு கையையும் விலாவையும் காட்டிய பின்பே மகிழ்ச்சி பிறந்தது என்கிறார் யோவான். அவர்கள் பெற்றதையே தோமாவும் கேட்டார். அவர் விரட்டப்படவில்லை, காயங்களைத் தொட அழைக்கப்பட்டார். நீங்கள் காட்டும் வசனத்தை அடுத்தே, வாசிப்பவர்கள் நம்பும்படியாக இந்த அடையாளங்களை எழுதினேன் என்று யோவான் தம் நோக்கத்தைச் சொல்கிறார். கேள்வி கேட்பதைத் தடுக்க எண்ணிய ஒருவர் அப்படிச் சான்றுகளைத் தொகுத்திருக்க மாட்டார்.