மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை ஒரு சின்ன இட்லிக் கடைக்கு என்ன செய்துவிடும்?

நிறையச் செய்யும், தேதி தவறாமல் வந்தால். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் பல நடைபாதைக் கடைகளின் முதல் தண்டல் பணம்தான், அதாவது தினமும் தவணை வசூலிக்கும் கடன். 10,000 என்று எழுதி, கையில் 9,000 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி 1,000தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே போவதால், ஆண்டுக் கணக்கில் அது 75 சதவீதத்தைத் தாண்டுகிறது! மழையில் கடை போடாத நாளிலும் அந்த நூறு ரூபாயைக் கொடுத்தாக வேண்டும்.

நடப்புத் தண்டல் முடிந்ததும் அடுத்ததை 5,000 ஆகக் குறையுங்கள். மீதிக்கு நான்கைந்து மாத உதவித்தொகையைச் சேர்த்துவையுங்கள். அரிசி, உளுந்தைக் கிலோ கணக்கில் வாங்காமல் மூட்டையாக வாங்க முடிவதே முதல் லாபம்.

பணம் வங்கியிலேயே கரைவதும் உண்டு. சில வங்கிகளில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் பிடிப்பார்கள். அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அதற்கு இருப்பு தேவையில்லை. ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதையும் கேளுங்கள், பழைய கணக்குக்குப் பணம் போய்விடுவதுண்டு.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து அந்தப் பணம் மருந்துக்குப் போனால் வருந்த வேண்டாம். கடையின் முதலில் கைவைக்காமல் காத்ததும் அதே பணம்தான்.