மசாலா டீயில் போடும் இஞ்சி, ஏலக்காய், பட்டைக்கெல்லாம் உண்மையிலேயே மருத்துவ குணம் உண்டா?

உண்டு. ஆனால் ஒரு டம்ளர் டீயில் அதில் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த அளவில் அது மருந்தல்ல, உணவுதான். தினமும் இந்த டீயைப் போடுகிறவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலிடம் இஞ்சிக்குத்தான். பச்சையாக இருந்தால் இஞ்சி, காய்ந்தால் சுக்கு. சித்த மருத்துவம் இரண்டையும் தனித்தனிச் சரக்காகவே வைத்திருக்கிறது. அது வெறும் பெயர் வேறுபாடு இல்லை. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். காயும்போதும் சூடேறும்போதும் அதில் ஒரு பகுதி ஷோகால் என்ற இன்னும் காரமான பொருளாக மாறுகிறது. சுக்கு தொண்டையில் இறங்கும் விதமே வேறாக இருப்பது அதனால்தான். அஜீரணம், வாயு, குமட்டல் என்றால் இஞ்சி என்று பெரியவர்கள் சொன்னதில், குமட்டலைப் பொறுத்தவரை இன்றைய ஆய்வுகளும் ஒத்துப்போகின்றன. எனக்கு மசக்கை கடுமையாக இருந்தபோது பால் வாசனையே ஆகவில்லை. இஞ்சி தட்டிப்போட்ட, பால் சேர்க்காத டீதான் வயிற்றில் தங்கியது. அதுவும் நாளுக்கு ஒன்றுதான், ஏனென்றால் கர்ப்பகாலத்தில் காஃபீன் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

சளி, இருமலுக்கு மிளகு. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மிளகில் உள்ள பைப்பரின், கூட வரும் மற்ற பொருள்களை உடல் அதிகமாக உறிஞ்சும்படி செய்கிறது. மஞ்சளோடு மிளகு சேர்க்கச் சொல்வதும் இதனால்தான். டீக்கு இரண்டு மூன்று மிளகைத் தட்டிப்போட்டால் போதும். தினசரி மாத்திரை எடுப்பவர்கள் மிளகுச் சாறு, பைப்பரின் மாத்திரை என்று போகும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கிராம்பு பல்வலிக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். அதிலுள்ள யூஜினால் மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவர்களே அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிக அடைப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். ஏலக்காய் செரிமானத்துக்கும் வாய் மணத்துக்கும் நல்லது என்பார்கள். நான் போடுவது மணத்துக்காகத்தான்.

பட்டை விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்கச் சொல்வேன். அது சர்க்கரையைக் குறைக்கும் என்று நம்பி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயில் சேர்த்துக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை. ஆய்வு முடிவுகளே ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்போது மாத்திரையை நிறுத்திவிட்டுப் பட்டையை நம்பாதீர்கள். இன்னொன்று, தடித்த ஒற்றைச் சுருளாக வரும் காசியா பட்டையில் கூமரின் அதிகம். நிறைய சேர்ந்தால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். தினமும் போடுவதாக இருந்தால், காகிதம் போல மெல்லிய அடுக்குகள் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டையைத் தேடி வாங்குங்கள்.

சரி, போடும் முறை. பச்சை இஞ்சியில் பாலைத் திரிய வைக்கும் என்சைம் இருக்கிறது. அதனால் இஞ்சி, மிளகு, பட்டையை முதலில் தண்ணீரில் நாலைந்து நிமிடம் மூடி போட்டுக் கொதிக்க விடுங்கள். அப்புறம் தூள், பால். ஏலக்காயின் மணம் சீக்கிரம் ஆவியாகிவிடும், அதைக் கடைசியில் தட்டிப்போட்டு உடனே மூடிவிடுங்கள்.

சாப்பாட்டோடு சேர்த்து மட்டும் குடிக்காதீர்கள். டீயில் உள்ள டானின் வகைப் பொருள்கள், கீரை, பருப்பிலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். என் மகளுக்கு ஹீமோகுளோபின் குறைந்தபோது மருத்துவர் முதலில் கேட்டதே "டீ எப்போது குடிப்பாய்?" என்றுதான். மாத்திரை கொடுத்ததோடு, டீக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னார். இப்போது வீட்டில் எல்லாருக்குமே மாலை டீ மட்டும்தான்.