வட்டப் பலகையில் சிற்றம்புகள் எறியும் ஆட்டமான டார்ட்ஸின் உலகப் போட்டியில் ‘ஒன்பது அம்பு முடிப்பு’ என்றால் என்ன?

501 புள்ளிகளில் தொடங்கி, எடுக்கும் புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து, மிகக் குறைந்த எறிகளில், அதாவது ஒன்பதே அம்புகளில் பூஜ்ஜியத்தைத் தொடுவதுதான் இது. அதிகப் புள்ளி குவிப்பதைவிடக் கணக்கை மிச்சமின்றித் தீர்ப்பதே இந்த ஆட்டத்தின் உயிர். அதிலும் கடைசி அம்பு, பலகை ஓரத்தில் 8 மில்லிமீட்டரே அகலமுள்ள, எண்ணின் மதிப்பை இரண்டு மடங்காக்கும் இரட்டிப்பு வளையத்திலோ பலகையின் நடுப்புள்ளியிலோ பாய வேண்டும். தூரமோ 2.37 மீட்டர்! பாக்கி தர முடியாத கடைக்காரரிடம் சரியான சில்லறையை எண்ணி வைப்பது போல. கடைசி நாணயம் இன்னதுதான் என்றும் அவர் கறாராகச் சொன்னால் எப்படியிருக்கும்?

உலகப் போட்டி ஒன்றில் இதை முதலில் சாதித்தவர் சிங்கப்பூரில் பிறந்த பால் லிம், 1990-ல். இப்போது லண்டன் அலெக்ஸாண்ட்ரா மாளிகையில் நடக்கும் பிடிசி (தொழில்முறை டார்ட்ஸ் அமைப்பு) உலகப் போட்டியில் 2009-ல் நெதர்லாந்தின் ரேமண்ட் வான் பார்னவெல்ட் முதலில் முடித்தார்.

என்னை இன்னும் சிலிர்க்க வைப்பது 2023 இறுதியாட்டம். மைக்கேல் வான் கெர்வன் எட்டு அம்புகளைப் பிசகாமல் எறிந்துவிட்டு, ஒன்பதாவதை இரட்டிப்பு 12-ல் தவறவிட்டார். அடுத்து வந்த மைக்கேல் ஸ்மித்தும் அதுவரை ஆறு அம்புகளே எறிந்திருந்தார்; அவருக்கு மிச்சம் 141. மும்மடங்கு 20 (60), மும்மடங்கு 19 (57), இரட்டிப்பு 12 (24). முடிந்தது! கோப்பையும் அவருக்கே.

நடுப்புள்ளிக்குத்தான் அதிக மதிப்பெண் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு 50தான், மும்மடங்கு 20-க்கு 60.