ஷஃபிள்பாட்டம், டாஃப்ட் மாதிரியான வினோத ஆங்கிலக் குடும்பப்பெயர்களின் மூலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், இன்றைய எழுத்துக்கூட்டை வைத்துப் பொருள் தேடாதீர்கள். ஷஃபிள்பாட்டத்தில் வரும் 'பாட்டம்' நீங்கள் நினைக்கும் பின்புறம் அல்ல. பழைய ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கின் தரை. லங்காஷயரில் பெரி நகருக்குப் பக்கத்தில் இருந்த ஷிப்பர்பாட்டம் என்ற இடப்பெயர்தான் வாய்க்கு வாய் மாறி இப்படி ஆனது. முன்பாதியில் ஒளிந்திருப்பது 'ஷீப்', அதாவது செம்மறியாடு! 'டாஃப்ட்' இன்றைக்குக் கிறுக்கு. பெயராக ஒட்டிக்கொண்ட காலத்தில் சாது.

1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தப் பெயர் எங்கே குவிந்திருக்கிறது என்று பாருங்கள். அரிய பெயர்கள் பெரும்பாலும் ஓரிரு மாவட்டங்களைத் தாண்டியிருக்காது. அந்த வட்டாரத்தில் அதே ஒலியுள்ள கிராமமோ பண்ணையோ உண்டா என்று பழைய வரைபடங்களில் துழாவுங்கள். அழிந்துபோன ஊர்களும் கணக்கில் வரும்.

பிறகு தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு தொடங்கியது 1837 ஜூலையில். அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான். அவற்றுக்கான ஆணை 1538-இல் வந்தது. 1640-களிலிருந்து 1660 வரை, உள்நாட்டுப் போரும் அதன் பின்விளைவும் பல ஊர்ப் பதிவேடுகளில் ஓட்டை போட்டிருக்கின்றன. குடும்பத்தாருக்கு எழுதத் தெரியாது, காதில் விழுந்ததைப் பாதிரியார் எழுதினார். ஆகவே ஒரே எழுத்துக்கூட்டில் தேடினால் ஆள் தொலைந்துவிடுவார். முதலெழுத்தைக்கூட நம்ப முடியாது: ஹார்ட்டன், ஆர்ட்டன் என்று 'ஹெச்' வரும், போகும்.

தொழிற்பெயர் என்றால் வேலை சுலபம், சில சமயம் பெயரே திசையும் காட்டும். நெய்த கம்பளித் துணியை மிதித்துக் கெட்டிப்படுத்துபவர் வடக்கே வாக்கர், தென்மேற்கே டக்கர், தென்கிழக்கே ஃபுல்லர்.

இயற்பெயரிலிருந்து வந்தவைதான் படுத்தும். 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ரிச்சர்ட், ராபர்ட், வில்லியம் என்று நார்மன் பெயர்களே ஊரெங்கும் நிறைந்ததால், ஆளைப் பிரித்துச் சொல்லச் செல்லப்பெயர்கள் பெருகின. ரிச்சர்ட் 'ரிக்' ஆகி, எதுகையில் 'டிக்', 'ஹிக்' ஆனார். டிக்சனும் ஹிக்ஸும் அவர் பிள்ளைகள். ராஜர் 'ஹாட்ஜ்' ஆனதால் ஹாட்ஜ்சன். வேல்ஸில் 'மகன்' எனப் பொருள்படும் 'ஆப்' பெயரோடு ஒட்டிப்போய் ஆப் ரீஸ் பிரைஸாகவும், ஆப் ஹவல் பவலாகவும் மாறின.

'உங்கள் குடும்பப்பெயரின் சின்னம்' என்று கண்ணாடிச் சட்டகத்தில் மாட்டி விற்பதை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். இங்கிலாந்தில் மரபுச் சின்னம் குறிப்பிட்ட நபருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான் உரியது. அதே பெயருள்ள எல்லோருக்கும் அல்ல.