எம்பிராய்டரி மென்பொருளுக்கு எந்தக் கணினி பொருந்தும்?

கல்முனையில் எம்பிராய்டரிக் கடை போடுகிறேன், எந்தக் கணினி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் மென்பொருளை முடிவுசெய்யுங்கள், கணினி பிறகு. வில்கொம் போன்ற எம்பிராய்டரி மென்பொருள்கள் விண்டோஸுக்கென எழுதப்பட்டவை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மேக்புக் பக்கம் போகவேண்டாம். ஏஆர்எம் செயலியுள்ள (ஸ்னாப்டிராகன் போன்றவை) மடிக்கணினியும் வேண்டாம்: உரிமத்துக்கான யுஎஸ்பி டொங்கிள் (மென்பொருளைத் திறக்கச் செருகும் சிறு சாவிக் கருவி) அதில் வேலை செய்யாமல் போகலாம். விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் அட்டையில் காசைக் கொட்டாதீர்கள். 16 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் தாராளம்.

பலரை அழவைப்பது, டிசைனை எம்பிராய்டரி இயந்திரத்துக்குக் கொண்டுபோகும் பென் டிரைவ்தான். பல இயந்திரங்கள் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்த டிரைவை மட்டுமே வாசிக்கும். 64 ஜிபி பென் டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வரும். செருகினால் இயந்திரத் திரையில் கோப்பே தெரியாது, இயந்திரம் பழுது என்று பதறுவார்கள். ஃபேட்32இல் உள்ள 8 ஜிபி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். டிசைன் கோப்பை பிரதர் வீட்டு இயந்திரமென்றால் பிஇஎஸ் (.pes), தஜிமா இயந்திரமென்றால் டிஎஸ்டி (.dst) வடிவில் சேமியுங்கள்.